கேத்தலுக்கு விழுந்த புள்ளடிகள்

அத்தியாயம் ஒன்பது

வாக்குப் பெட்டியை மேசையில் கவிழ்த்தபோது ஜொனாதனின் நினைவு ஒருகொடவத்தையில், அவன் வேலை செய்கிற கொள்கலன் முற்றத்தில் இருந்தது. நாளைக்கு வரவேண்டிய கொள்கலன்கள் இரண்டு. அவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு வந்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷமாக இப்படித்தான். உடம்பு நிற்கிற இடத்தில் ஆள் இருப்பதில்லை.

"தம்பி, நித்திரையா?" என்று பக்கத்தில் நின்ற கிளைவ் முழங்கையால் இடித்தான். கிளைவ் பெரிய கட்சியொன்றின் முகவர். காலையிலிருந்து வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். "உங்கட மச்சாளுக்கு வாக்கு விழுதா எண்டு பாக்க வந்தீரா, இல்லாட்டி நித்திரை கொள்ள வந்தீரா?"

"பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

இதுவரை நடந்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம்.

ஜொனாதனின் மனைவி சாமினி, கொச்சிக்கடையில் மொண்டிசோரி டீச்சர். கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழு ஒன்றின் வேட்பாளராக நின்றாள். சின்னம் கேத்தல், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற பாத்திரம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் வசிக்கும் தோட்டத்தின் நடுவால் ஓடுகிற திறந்த சாக்கடைக் கானை மூட வேண்டும். தோட்டம் என்று பேர்தான், ஒரு செடி கிடையாது. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகளும் நடுவில் அந்தக் கானும்தான். தேர்தல் தள்ளிப்போனது. பழைய உறுப்பினர்களின் காலமும் முடிந்தது. கேட்பதற்குச் சபையில் ஆள் இல்லாத அந்த இடைவெளியில், கான் நிரம்பிய ஒரு மழைக்காலத்தில், சாமினி டெங்கில் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு பழைய வேட்புமனுக்கள் ரத்தாகின. புதிதாகக் கேட்டார்கள். தங்கை விட்ட இடத்தில் அக்கா றோஸி நின்றாள். ஆனால் இந்த முறை கேத்தல் சின்னத்தை இரண்டு குழுக்கள் கேட்டன. சீட்டுக் குலுக்கியதில் அது முன்பின் தெரியாத குழுவொன்றுக்குப் போனது. றோஸிக்குக் கிடைத்தது மூக்குக்கண்ணாடி. கண்ணே பழுதில்லாத றோஸி, பவர் இல்லாத கண்ணாடியொன்றை மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். சனமும் தலையை ஆட்டியது. அந்தத் தலையாட்டலின் அர்த்தம் என்ன என்பதை அறியத்தான் எல்லோரும் அந்தப் பாடசாலை மண்டபத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

எண்ணும் அலுவலர்கள் வாக்குச்சீட்டுகளை விரித்துச் சின்னம் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு தட்டு. பெரிய கட்சிகளின் தட்டுகள் முதலில் நிரம்பின. கிளைவ் சாய்ந்து நின்று விரல்களை நெட்டி முறித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் நிமிர்ந்தான்.

"கேத்தல் யாரப்பா?"

கேத்தலுக்கு மண்டபத்தில் முகவரே இல்லை. வட்டாரம் முழுதும் தேடினாலும் அந்தக் குழுவின் சுவரொட்டி ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

"ஒரு மனிசரும் இல்லாத குழுவுக்கு இது எப்பிடி விழுது?" கிளைவ் கயிற்றின் மேலால் எட்டிப் பார்த்தான். "கள்ள வாக்கோ?"

ஜொனாதனும் பார்த்தான். அப்போதுதான் ஒருகொடவத்தையிலிருந்து அவன் திரும்பி வந்தான்.

கேத்தலின் தட்டு நிரம்பி வழிந்தது. ஒருவர் சீட்டுகளை எடுத்து ரப்பர் வளையம் போட்டு மேசையில் வைத்தார். தட்டு மறுபடி நிரம்பியது. மறுபடி வளையம். சீட்டு விரியும், அலுவலரின் கை போகும். அந்தக் கை இடப்பக்கமாகப் போகும்போதெல்லாம் அது கேத்தல். கை இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

சின்னத்துக்கு நேரே போட்ட பெருக்கல் குறிகள், அந்தப் புள்ளடிகள், அவன் நின்ற இடத்துக்குத் தெரிந்தன. சில, கோணல் மாணலாக நடுங்கின. சில, தாள் கிழியும்படி அழுத்திப் போட்டவை. ஒன்று பெட்டியின் மூலையில் எறும்பு மாதிரிச் சின்னதாக இருந்தது. இன்னொன்று பெட்டிக்குள் அடங்காமல் கைகால் விரித்துக் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு கை. தட்டி மறைப்புக்குப் பின்னால், ஒருவரும் பார்க்காத இடத்தில், தனியாக நின்று போட்ட கை.

இவ்வளவு கைகளா?

சாமினி உயிரோடு இருந்தபோது வீட்டுக்கு வருகிறவர்களை அவன் எண்ணிப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலில் செருப்புகள் கிடக்கும். விலக்கிக்கொண்டு உள்ளே போவான். அவ்வளவுதான். அந்தச் செருப்புகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்போது மேசைக்கு வந்திருந்தார்கள்.

"ஏஜன்ட்மார் ஒருக்கா வாங்க" என்று தலைமை அலுவலர் சுபோதினி கூப்பிட்டார். "இதில எழுத்து இருக்கு."

சீட்டை அவர் தூக்கிப் பிடித்தார். கேத்தலுக்கு நேரே ஒழுங்கான புள்ளடி. அதன் பக்கத்தில் பேனையால் எழுதியிருந்தது.

சாமினி மகள், கான் இன்னும் அப்படியே.

ஜொனாதன் அதை இரண்டு தரம் வாசித்தான். கையெழுத்து யாருடையதென்று தெரியவில்லை. வயதான ஒருவரின் எழுத்து. 'மகள்' என்று எழுதியிருந்தாலும் அவர் அந்த வீட்டு ஆள் இல்லை.

"நிராகரிக்கிறம்" என்றார் சுபோதினி.

"இது செல்லும் மிஸ்" என்றான் ஜொனாதன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"புள்ளடி நேரா இருக்கு. யாருக்குப் போட்டதெண்டதில சந்தேகம் இல்ல. எழுத்து சும்மா பக்கத்தில கிடக்குது. இத எண்ணத்தான் வேணும்."

கிளைவ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "மச்சான், நீர் கண்ணாடிட ஏஜன்ட். கேத்தலுக்கு ஏன் சண்டை பிடிக்கிறீர்? உங்கட மச்சாள் கேட்டா காதைத் திருகுவா."

"நான் சொல்றது சரியா பிழையா எண்டு மட்டும் பாருங்க."

"தம்பி" என்றார் சுபோதினி. குரல் இறங்கியிருந்தது. "நீங்க சொல்றது எனக்கு விளங்குது. ஆனா எழுத்து இருந்தா ஏலாது. சட்டம்."

அந்தச் சீட்டை அவர் நிராகரித்தவற்றோடு வைத்தார். உடனே வைக்கவில்லை. இன்னொரு தரம் வாசித்துவிட்டுத்தான் வைத்தார்.

பொழுது படுவதற்குள் கணக்கு முடிந்தது. கேத்தல் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். கிளைவின் கட்சி அதற்கு எழுபது குறைவு. மூக்குக்கண்ணாடிக்கு முந்நூறுகூட இல்லை. கிளைவ் யாருடனும் பேசாமல் வெளியே போய்க் கான் ஓரம் வெற்றிலையைத் துப்பினான்.

ஜொனாதன் வாசலில் நின்று றோஸிக்குப் போன் எடுத்தான்.

"சொல்லுங்க ஜோனி. பெரிய கட்சியா?"

"இல்ல. கேத்தல் வெண்டிட்டுது."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.

*

மறுநாள் காலை பத்து மணியாகியும் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

தொலைக்காட்சி மட்டும் ஓடியது. அதன் முன் றோஸியின் தகப்பன் பீற்றர், முழங்காலில் கை ஊன்றி இருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர். எதையும் மேலிருந்து பார்த்த பழக்கம். மேல் மாகாணம் முழுவதையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"களுத்துறைப் பக்கம் முடிஞ்சுது. கம்பஹாவும் கிட்டத்தட்டச் சரி. கொழும்புதான் இழுபறி. மாநகர சபையில ஒருத்தருக்கும் பாதி இல்லையாம். உதிரி ஆக்கள் எல்லாரையும் தேடித் திரியிறாங்க. கேத்தலுக்கு ஒரு சீற். கேட்டியா றோஸி?"

"கேட்டது டடா. நூறு தரம் கேட்டது." றோஸி அறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. மூக்கில் கண்ணாடி இன்னும் இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள். "அறிவு கெட்ட சனம். எத்தினை தரம் சொன்னனான்! கேத்தல் இல்ல, கண்ணாடி. மூக்கில மாட்டிக் காட்டினன். ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை எண்டு தலைய ஆட்டிப்போட்டு..."

"எல்லாரும் பிழையாப் போடல்ல" என்றான் ஜொனாதன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தன்."

மண்டபத்தில் கண்டதை அவன் சொன்னான். நீட்டிச் சொல்லத் தெரியாது. தட்டு நிரம்பியதைச் சொன்னான். வளையம் போட்டதைச் சொன்னான். கடைசியில் அந்தச் சீட்டில் எழுதியிருந்ததைச் சொன்னான்.

பீற்றர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். மாகாணத்தின் முடிவுகள் சத்தமில்லாமல் ஓடின.

றோஸி கதிரையில் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே முச்சக்கர வண்டியொன்று வந்து நின்றது.

இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சேர்ட், தொப்பி, கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி. கானைத் தாண்டக் காலைத் தூக்கியவர், அதன் அகலத்தைப் பார்த்துவிட்டுக் காலைத் திரும்ப எடுத்தார். பிறகு பலகைப் பாலத்தைக் கண்டுபிடித்து அதன் மேல் மெல்ல நடந்து வந்தார்.

"கண்ணாடிக்கு நின்ட தங்கச்சிட வீடு இதா?"

"ஓம்" என்றாள் றோஸி. "தோத்தவங்களப் பாத்துச் சிரிக்க வந்தீங்களா?"

"சிரிக்க இல்ல மகள்." அவர் வாசலிலேயே நின்றார். "என்ட பேர் ஷரீப். நான்தான் கேத்தல்."

முதலில் அசைந்தது பீற்றர்தான். கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்க."

ஷரீப் விளிம்பில் இருந்தார். மஸ்கட் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வெள்ளவத்தையில திரைச்சீலைக் கடை. எங்கட குழுவுக்கு எல்லா வட்டாரத்துக்கும் ஆள் வேணுமாம். ஒரு கூட்டாளி வந்து, ஷரீப் நானா, பேருக்கு ஒரு கையெழுத்து வைங்க எண்ட. வெச்ச. இந்தப் பக்கம் நான் பிரசாரத்துக்கும் வந்தில்ல. அந்தோனியார் கோயிலடியால பஸ்ஸில போயிருக்கன், அவ்வளவுதான்." அவர் மூச்சு வாங்கினார். "நேத்து மஃரிப் தொழுதிட்டு வாறன், பைறோஸா, என்ட வீட்டுக்காரி, போனை நீட்டுறா. நீங்க வெண்டுட்டீங்க எண்டு ஒரு ஆள் சொல்றான். நான் வெச்சிட்டன். பகிடிக்காரன் எண்டு நெனச்ச."

"பிறகு?" என்றார் பீற்றர்.

"பிறகு இன்னும் நாலு பேர் எடுத்தாங்க. இரவு முழுக்க நித்திரை இல்ல. யோசிச்சுப் பாருங்க. எனக்கும் பைறோஸாவுக்கும் வாக்கு வெள்ளவத்தையில. இங்க எனக்கு நானே போட்ட வாக்குக்கூட இல்ல. ஆயிரத்து நானூறு பேர்! என்ட சொந்தத் தெருவில நிண்டா பத்துப் பேர் போட மாட்டாங்க. இந்த ஆக்கள் என்னத்தக் கண்டு எனக்குப் போட்டாங்க? அதக் கேக்கத்தான் வந்தன். காலையில வண்டிக்காரப் பொடியன்தான் சொன்னான், கண்ணாடிக்கு நின்ட ஆக்கள்ட வீட்ட கேளுங்க எண்டு."

பீற்றர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு விழல்ல. என்ட சின்ன மகளுக்கு விழுந்தது. முந்தி அவட சின்னம் கேத்தல்."

"அவ எங்க?"

யாராவது சொல்ல வேண்டியிருந்தது. "போன வருஷம் டெங்கில மோசம் போயிட்டா" என்றான் ஜொனாதன். "என்ட வைஃப்."

ஷரீப்பின் உதடுகள் அசைந்தன. அவர் வழக்கப்படி சொல்லவேண்டியதை மெதுவாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வாசலால் வெளியே பார்த்தார். வரிசை வீடுகள், காயப்போட்ட துணிகள், கான்.

"மவுத்தான ஒரு பிள்ளைக்கு" என்றார். "ஒரு வருஷத்துக்குப் பிறகு. இவ்வளவு சனம்." சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்தது. "நான் நாப்பது வருஷமா வியாபாரம் செய்றன். மனிசரை எனக்குத் தெரியும் எண்டு நெனச்சுக்கொண்டு இருந்த."

சட்டென்று நிமிர்ந்தார்.

"இது எனக்கு ஹராம் தங்கச்சி. உங்கட சாமான். நான் விலகுறன். நீங்க எடுங்க."

"நீங்க விலகினா எனக்கு வராது" என்றாள் றோஸி. கோபமில்லை, களைப்புத்தான். "உங்கட குழுச் செயலாளர் தனக்கு விருப்பமான ஆளை அந்த இடத்துக்குப் போடுவார். அவ்வளவுதான்."

"அவரா!" ஷரீப் சட்டைப் பையிலிருந்த போனை வெளியே எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "காலையிலிருந்து அடிக்கிறார். மேயர் தெரிவில என்ட கையை ஆருக்குத் தூக்குறதெண்டு அவர் ஏற்கனவே பேசி முடிச்சிட்டாராம். நான் எடுக்கல்ல."

"ஆரோட பேசி முடிச்சார்?"

"அதையும் சொல்றார் இல்ல." அவர் போனைத் திரும்ப வைத்தார். "அப்ப நான் களவெடுத்த ஆள்தான். உங்கட வாக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போன ஆள்."

"இல்ல" என்றாள் றோஸி.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீங்க களவெடுக்கல்ல. நானும் கேத்தலுக்குத்தான் போட்டனான்."

பீற்றர் திரும்பினார். "என்ன சொல்ற நீ?"

"ஓம் டடா. நான்தான் வேட்பாளர். ஊரெல்லாம் கண்ணாடி கண்ணாடி எண்டு கத்தினவளும் நான்தான். உள்ளுக்குப் போய்ச் சீட்டை விரிச்சன். கேத்தல் இருந்தது. அதுக்குப் பிறகு எனக்குக் கண்ணாடி கண்ணுக்குப் பிடிபடல்ல. கை தானாப் போச்சு. வெளியில வந்து விரல்ல மையைப் பாத்துப்போட்டுத்தான் என்ன செய்தன் எண்டு விளங்கினது." அவள் முகத்தைத் துடைத்தாள். "ராவெல்லாம் சனத்தை ஏசினன். என்னை ஏச ஏலாமத்தான்."

பீற்றர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது. சிரிப்பா வேறா என்று தெரியாத குலுக்கம்.

"நானும்தான்டி மகள்."

"டடா!"

"நான் தெரிஞ்சுதான் போட்டனான். உன்ட காலில விழுந்து மன்னிப்புக் கேப்பம் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன்."

ஷரீப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடி இருந்தது.

ஜொனாதன் சுவரில் சாய்ந்து நின்றான். வேட்பாளரின் வீட்டில் வேட்பாளருக்குப் போட்டது அவன் ஒருவன்தான். நேற்றுக் காலை உள்ளே போனான், மூக்குக்கண்ணாடியைத் தேடினான், புள்ளடி போட்டான், மடித்தான், வெளியே வந்தான். கேத்தல் அந்தத் தாளில் இருந்ததா என்றுகூட அவன் கவனிக்கவில்லை. அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஊரே அதைக் கண்டிருக்கிறது. அவன் மட்டும் காணவில்லை.

நெஞ்சில் எங்கேயோ ஒரு இடம் வலித்தது. வலிக்கிறது என்பதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

வெளியே பட்டாசு வெடித்தது.

"றோஸி! ஏய் றோஸி!" முன்வீட்டு மேபல் அன்ரியின் குரல். தோட்டத்துக்கே காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிற மனுஷி. "வெளியில வா பிள்ளை! வெண்டுட்டு உள்ளுக்கு ஒளிச்சு இருக்கிறியா?"

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மேபலுக்குப் பின்னால் ஒரு பத்துப் பதினைந்து பேர். ஒருவர் கையில் பூமாலைகூட இருந்தது.

"பாத்தியா? கேத்தல் வெண்டுட்டுது! நான் சொன்னனான் தானே!"

"மேபல் அன்ரி" என்றாள் றோஸி. "நான் கண்ணாடி."

"நீ கண்ணாடி போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாதா? கண் டொக்டரிட்டப் போனதாக்கும் எண்டு நெனச்சம். சின்னம் கேத்தல்தானே?"

"இல்ல அன்ரி. என்ட சின்னமே கண்ணாடி. கேத்தல் இவர்." அவள் ஷரீப்பைக் காட்டினாள். "வெண்டது இவர்."

பூமாலை கீழே இறங்கியது. எல்லாக் கண்களும் ஷரீப்பிடம் போயின. பட்டாசின் புகை மட்டும் கானின் மேலால் நகர்ந்தது.

"அப்ப நாங்க..." மேபல் பேச்சை விட்டாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வயதான மனிதர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். ஜொனாதன் அவரைக் கவனித்தான். அவரும் நிமிர்ந்து ஜொனாதனைப் பார்த்தார்.

மேபல் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சரி. இப்ப என்ன? தெரிஞ்சிருந்தாலும் எனக்குக் கை அங்கதான் போயிருக்கும்." ஷரீப்பைத் தலை முதல் கால் வரை அளந்தாள். "நீங்க என்ன மாதிரியான ஆள்?"

"திரைச்சீலைக் கடைக்காரன்" என்றார் ஷரீப். "உங்கட வாக்கைத் திருப்பித் தர எனக்கு வழி இல்ல, உம்மா. இருந்தாத் தந்திருப்பன். என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க. நான் அதைத்தான் செய்வன்."

அப்போது அவருடைய போன் அடித்தது.

புது இலக்கம். ஷரீப் காது மந்தமானவர், எப்போதும் போனின் ஒலிபெருக்கியைப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசுவார். விசையைத் தட்டியதும் ஒரு கணீர்க் குரல் தோட்டம் முழுதும் பரவியது.

"ஹாஜியார்! வாழ்த்துக்கள்! உங்களப் பிடிக்கிறது பெரிய பாடாக் கிடக்கு. எங்கட தலைவர் கதைக்கச் சொன்னார். நிலவரம் தெரியும்தானே? மேயர் எங்கட ஆளா அவங்கட ஆளா எண்டது இப்ப ரெண்டு மூண்டு கையிலதான் நிக்குது. அதில ஒரு கை நீங்க. ஒளிவு மறைவு வேணாம். உங்களுக்கு என்ன வேணும்?"

கொழும்பு மாநகரம் ஷரீப்பின் உள்ளங்கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு தோட்டத்தைப் பார்த்தார்.

"கானை மூடச் சொல்லுங்க!" என்று கத்தினாள் மேபல்.

"யார் அது? ஹாஜியார், நீங்க எங்க நிக்கிறீங்க?"

ஷரீப் போனை ஜொனாதனிடம் நீட்டினார். "நீங்க கதைங்க தம்பி. அந்தப் பிள்ளைக்காகக் கதைக்க வேண்டிய ஆள் நீங்க."

ஜொனாதன் வாங்கினான். போன் சூடாக இருந்தது. ஒரு வருஷமாக ஓம், இல்லை என்பதோடு நாட்களைக் கழித்தவன். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"கொச்சிக்கடையில ஒரு தோட்டம் இருக்கு" என்றான். "நடுவால திறந்த கான் போகுது. அத மூடணும்."

"கானா?" குரல் சிரித்தது. "அது சின்ன விசயம். செய்யலாம், செய்யலாம். ஹாஜியாருக்கு என்ன வேணும் எண்டு கேளுங்க."

"அதுதான்."

"அதுதான் எண்டா?"

"அவருக்கு வேண்டியது அதுதான். மேயருக்குக் கை தூக்க முந்தி வேலை தொடங்கவேணும். வாய்ப் பேச்சு வேணாம்."

அந்தப் பக்கம் யாரோடோ குசுகுசுத்தது கேட்டது. திரும்பி வந்தபோது குரலில் சிரிப்பு இல்லை.

"நீங்க யார் கதைக்கிறது?"

"ஜொனாதன். சாமினிட புருஷன்."

"சாமினி யார்?"

றோஸி கண்ணை மூடிக்கொண்டாள். பீற்றர் மகளின் தோளில் கை வைத்தார். ஜொனாதனுக்குக் கோபம் வரவில்லை. நேற்று அந்த மேசையில் கண்டதை இந்த மனிதன் காணவில்லை, அவ்வளவுதான்.

"இந்த வட்டாரத்தில வெண்டவ" என்றான்.

குரல் அதை விட்டுவிட்டது. "சரி, இதெல்லாம் போனில கதைக்கிற விசயமில்ல. நாளைக் காலையில ஹாஜியாரை எங்கட ஒஃபிசுக்கு வரச் சொல்லுங்க. மற்றப் பக்கம் கூப்பிட முந்தி வரவேணும். தனியா வரச் சொல்லுங்க."

"தனியா வர ஏலாது."

"அப்ப எத்தின பேர் வாறீங்க?"

ஜொனாதன் நிமிர்ந்து பார்த்தான். பட்டாசுச் சத்தத்துக்கு வந்தவர்கள், குரல் கேட்டு வந்தவர்கள். கதவுகள் திறந்தபடி இருந்தன. வரிசையின் கடைசி வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால், முடக்கில், இன்னும் தலைகள்.

"இன்னும் எண்ணி முடியல்ல" என்றான்.